சமையல் புத்தகத்துக்கு இன்னும் காசு கொடுக்கலாமா?

கையில் போன் இருக்கிற யாருக்கும் இன்று சமையல் குறிப்புக்குப் பஞ்சமில்லை. வீட்டில் மிச்சமிருக்கும் இரண்டு காய்களின் பெயரைத் தட்டினால் போதும், நூறு செய்முறைகள் வந்து விழும். அவற்றில் பாதிக்கு வீடியோவும் இருக்கும். அப்படியிருக்க, முந்நூறு பக்கம், கெட்டி அட்டை, பளபளக்கும் படங்கள் என்று ஒரு சமையல் புத்தகத்தை விலை கொடுத்து வாங்குவதில் அர்த்தம் இருக்கிறதா? இன்னொருவருக்குப் பரிசாகக் கொடுத்தால் அவர் அதைத் திறந்தாவது பார்ப்பாரா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏதோ ஒரு பண்டத்தை எப்படிச் செய்வது என்று தெரிந்துகொள்ள மட்டும் புத்தகம் வாங்க வேண்டாம். அந்தத் தேவையை இணையம் தீர்த்துவிட்டது. ஆனால் ஒருவர் பல வருடம் சமைத்துச் சேர்த்த பக்குவத்தை, அவர் எந்த வரிசையில் சொல்ல நினைத்தாரோ அந்த வரிசையிலேயே கற்றுக்கொள்வதற்குப் புத்தகத்தைவிட நல்ல வழி இன்னும் வரவில்லை. ஆகவே வாங்கும்போது எத்தனை குறிப்புகள் இருக்கின்றன என்று எண்ணுவதைவிட, எழுதியவர் யார், எப்படிச் சமைக்கிறவர் என்று பார்ப்பதே முக்கியம்.

குறிப்பு யாருக்குச் சொந்தம்?

சமையல் குறிப்பு இவ்வளவு தாராளமாகக் கிடைப்பதற்கு இணையம் மட்டும் காரணமில்லை, சட்டமும் ஒரு காரணம். பதிப்புரிமைச் சட்டம் ஒருவர் எழுதிய விதத்தைக் காக்கும். அவர் சொல்லித்தந்த வழிமுறையைக் காக்காது. அறிவுசார் சொத்துரிமை பற்றிய உலக வணிக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தம், 9-வது பிரிவில், கருத்துகளுக்கும் செயல்முறைகளுக்கும் பதிப்புரிமை கிடையாது, அவற்றை வெளிப்படுத்திய விதத்துக்கே உண்டு என்கிறது. அமெரிக்காவில் 1996-ல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு, தயிரை வைத்துச் செய்யும் பண்டங்களைப் பற்றிய ஒரு புத்தகம் வழக்காக வந்தது. பொருள்களின் பட்டியலும் செய்யும் படிகளும் மட்டுமே கொண்ட குறிப்புக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பு இல்லை என்றுதான் அந்த நீதிமன்றமும் சொன்னது.

இதனால் நடைமுறையில் என்ன ஆகிறது? எந்தப் புத்தகத்தில் உள்ள குறிப்பையும் இன்னொருவர் தன் சொந்த நடையில் எழுதி வெளியிடலாம். வெளியிட்டுக்கொண்டும் இருக்கிறார்கள். ஒரே பண்டத்துக்கு ஐம்பது தளங்களில் கிட்டத்தட்ட ஒரே அளவுகள் இருப்பது இதனால்தான். எழுதியவருக்கென்று சட்டம் விட்டுவைப்பது வேறு சில: குறிப்புக்கு முன்னால் அவர் எழுதும் விளக்கம், ஏன் இந்த அளவு, ஏன் இந்த வரிசை என்று சொல்லும் பத்திகள், படங்கள், அத்தியாயங்களைக் கோத்த விதம். என் கணக்கில், புத்தகத்துக்குக் கொடுக்கும் காசு இவற்றுக்குத்தான். முன்னுரையும் விளக்கமும் இல்லாமல், பட்டியலும் படிகளுமாகவே நிரம்பிய ஒரு புத்தகத்தை வாங்கினால், இலவசமாகக் கிடைப்பதற்குக் காசு கொடுக்கிறோம்.

பக்கத்தில் ஆள் இல்லாதவருக்கு

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் சுமார் 3,700 ஆண்டு பழமையான பாபிலோனியக் களிமண் பலகைகள் சில இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் 25 வகைக் குழம்புகளுக்குக் குறிப்பு இருக்கிறது. என்னென்ன சேர வேண்டும் என்று வரிசையாகச் சொல்லும் அந்தப் பலகை, எவ்வளவு சேர வேண்டும், எவ்வளவு நேரம் கொதிக்க வேண்டும் என்று கிட்டத்தட்ட எதுவுமே சொல்வதில்லை. அச்சு வந்த பிறகும் பல காலம் இதே நிலைதான். உலகின் முதல் அச்சுச் சமையல் நூல் என்று பொதுவாகச் சொல்லப்படும், இத்தாலிய எழுத்தாளர் பிளாட்டினாவின் நூல் 1470-களில் இத்தாலியில் வெளிவந்தது. அந்தக் காலத்து நூல்களெல்லாம் ஏற்கெனவே சமைக்கத் தெரிந்தவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அளவு கைக்குத் தெரியும், பதம் கண்ணுக்குத் தெரியும் என்பது அவற்றின் நம்பிக்கை.

இது மாறியது 19-ம் நூற்றாண்டில். இங்கிலாந்தின் எலைசா ஆக்டன் 1845-ல் வெளியிட்ட புத்தகத்தில் ஒவ்வொரு குறிப்பின் முடிவிலும் பொருள்களின் அளவையும் ஆகும் நேரத்தையும் தனியே பிரித்துக் கொடுத்தார். 1861-ல் இசபெல்லா பீட்டன் அந்தப் பட்டியலைக் குறிப்பின் தொடக்கத்துக்குக் கொண்டுவந்தார். ஆக்டனின் குறிப்புகளில் பலவற்றைப் பெயர் சொல்லாமல் எடுத்துக்கொண்டவரும் அவர்தான். 1896-ல் பாஸ்டன் நகரின் சமையல் பள்ளி ஒன்றை நடத்திக்கொண்டிருந்த ஃபேனி ஃபார்மர், கரண்டியானாலும் கோப்பையானாலும் தலை தட்டித்தான் அளக்க வேண்டும் என்று வற்புறுத்தி ஒரு புத்தகம் எழுதினார். பதிப்பகத்துக்கு அது விற்கும் என்ற நம்பிக்கை இல்லை. அச்சுச் செலவை அவரே ஏற்றுக்கொண்டார். அது பல பதிப்புகள் கண்டது.

ஏன் அந்த நூற்றாண்டில்? ஊர் விட்டு நகரத்துக்குப் போய்த் தனிக்குடித்தனம் வைத்தவர்கள் பெருகினார்கள். அடுப்படியில் பக்கத்தில் நின்று ‘இப்போது இறக்கு’ என்று சொல்ல மூத்தவர் யாரும் இல்லை. படிக்கத் தெரிந்தவர்களும் பெருகியிருந்தார்கள். அந்த மூத்தவரின் இடத்தைத்தான் புத்தகம் எடுத்துக்கொண்டது. கண் திட்டமும் கைப்பக்குவமும் இல்லாதவருக்கு அளவும் நேரமும் துணையாக வந்தன. இன்றைக்கும் ஒரு சமையல் புத்தகத்தை எடைபோட இந்தக் கேள்வி போதும் என்று நினைக்கிறேன்: பக்கத்தில் நிற்க வேண்டிய ஆளின் வேலையை இது செய்கிறதா?

திரை எங்கே முந்துகிறது, எங்கே கைவிடுகிறது

நியாயமாகச் சொன்னால், அந்த வேலையின் ஒரு பகுதியை வீடியோ புத்தகத்தைவிட நன்றாகவே செய்கிறது. மாவு எவ்வளவு இளகலாக இருக்க வேண்டும், வெங்காயம் எந்த நிறத்தில் இருக்கும்போது அடுத்ததைப் போட வேண்டும், சர்க்கரைப் பாகு விரலில் எப்படி இழுபட வேண்டும் என்பதை மூன்று பத்தி எழுதினாலும் பத்து நொடிக் காட்சிக்கு ஈடாகாது. ரொட்டி மாவைப் பிசையும் கை அசைவை, கத்தி பிடிக்கும் விதத்தை எல்லாம் பார்த்துத்தான் கற்க வேண்டும். கையில் இருக்கும் பொருளை வைத்துத் தேட முடிவதும் பெரிய வசதி. பிழை இருந்தால் உடனே திருத்தலாம் என்பதும் இணையத்துக்குச் சாதகம். 2008-ல் ஸ்வீடனில் ஒரு சமையல் இதழ் ஆப்பிள் கேக் குறிப்பு ஒன்றில் இரண்டு சிட்டிகை ஜாதிக்காய்த் தூள் என்பதற்குப் பதிலாக 20 ஜாதிக்காய் என்று அச்சிட்டுவிட்டது. ஜாதிக்காய் அளவுக்கு மிஞ்சினால் விஷம். நான்கு பேர் உடல்நிலை பாதிக்கப்பட்டது. இதழ் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அச்சில் ஏறிவிட்டதால் மட்டும் எதுவும் சரியாகிவிடாது.

ஆனால் இணையத்தின் பிழை வேறு மாதிரி. அது ஒரு இடத்தில் நிற்காமல் பெருகுகிறது. வெங்காயத்தைப் பொறுமையாக வதக்கிப் பழுப்பு நிறத்துக்குக் கொண்டுவர ஐந்து பத்து நிமிடம் போதும் என்று எண்ணற்ற குறிப்புகள் சொல்லிவந்தன. அமெரிக்கப் பத்திரிகையாளர் டாம் ஸ்கோக்கா 2012-ல் ‘ஸ்லேட்’ இதழில் இதைக் கையிலெடுத்தார். தானே அடுப்பில் வைத்துப் பார்த்து, அதிகச் சூட்டில் விடாமல் கிளறினாலும் ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும் என்று எழுதினார். அப்புறம் நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. 2017-ல், வெங்காயம் பழுப்பாக எவ்வளவு நேரம் என்று கூகுளில் கேட்டால், விடைப்பெட்டியில் ‘சுமார் 5 நிமிடம்’ என்று வந்தது. அது எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று பார்த்தால், ஸ்கோக்காவின் கட்டுரையிலிருந்தே! தவறு என்று காட்டுவதற்காக அவர் மேற்கோள் காட்டியிருந்த வரியைத் தேடுபொறி உண்மையென்று எடுத்துப் போட்டிருந்தது.

குறிப்பு எழுதியவர் யார், அவர் அதைச் செய்து பார்த்தாரா என்ற கேள்வி இணையத்தில் மெல்ல மறைந்துகொண்டிருக்கிறது. செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாகியிருக்கிறது. 2023-ல் நியூசிலாந்தின் பல்பொருள் அங்காடி ஒன்று, மிச்சம் மீதியை வைத்துச் சமையல் யோசனை சொல்லும் ஒரு செயலியை வெளியிட்டது. வீட்டைச் சுத்தம் செய்யும் ரசாயனங்களின் பெயரை ஒருவர் கொடுத்துப் பார்த்தபோது, நச்சு வாயு உண்டாக்கும் கலவையை ஒரு பானமாக அது பரிந்துரைத்தது. வேண்டுமென்றே சோதித்துப் பார்த்த கேள்விதான் அது. ஆனாலும் அந்தப் பதிலை ஒரு மனிதச் சமையல்காரர் தரமாட்டார்.

இன்னொன்று, இணையப் பக்கங்கள் நிற்பதில்லை. 2013-ல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்து ஆண்டுகளில் கிடைக்காமல் போய்விட்டன என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-ல் கண்டறிந்தது. இரண்டு வருடம் முன்பு சேமித்து வைத்த ஒரு நல்ல குறிப்பு இன்று திறக்காமல் போவது பலருக்கும் நடந்திருக்கும். விளம்பரங்களையும், குறிப்பை எட்டுவதற்கு முன் உருட்டிக் கடக்க வேண்டிய நீண்ட கதையையும் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. அந்தத் தளத்தை நடத்துபவருக்கு வருமானம் அப்படித்தான் வருகிறது. அது எரிச்சல்தான், ஆனால் புத்தகம் வாங்க அது ஒரு காரணமாகாது.

ஒரே கை, ஒரே உப்பு

புத்தகத்தின் பெரிய பலம் தொடர்ச்சி. பத்துத் தளங்களிலிருந்து பத்துக் குறிப்புகள் எடுத்துச் சமைக்கிறவர் பத்துப் பேருடைய நாக்கையும் கரண்டியையும் மாற்றி மாற்றி நம்புகிறார். உப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தேக்கரண்டி தூள் உப்பு ஏறக்குறைய 6 கிராம் இருக்கும். அமெரிக்கக் குறிப்புகளில் அடிக்கடி வரும் மெல்லிய பரல் உப்பு வகை ஒன்று அதே கரண்டியில் 3 கிராம்தான் நிற்கும். எந்த உப்பு என்று சொல்லாத குறிப்பில் ‘இரண்டு தேக்கரண்டி’ என்றால், பண்டம் சரியாகவும் வரலாம், வாயில் வைக்க முடியாத கரிப்பாகவும் போகலாம். சமைத்தவர் தன் கையைத்தான் குறை சொல்லிக்கொள்வார். ஒரு நல்ல புத்தகத்தில், நான் பயன்படுத்தும் உப்பு இது, என் கோப்பை இவ்வளவு, என் அடுப்பு இப்படி என்று முதல் பக்கங்களிலேயே சொல்லிவிடுவார்கள். நான்கைந்து குறிப்புகள் செய்ததும் எழுதியவருடைய அளவுக்கும் நம் நாக்குக்கும் உள்ள தூரம் பிடிபட்டுவிடும். இவர் காரம் கூடுதலாகப் போடுகிறவர், எண்ணெய்க்குக் கை தாராளம், நேரத்தைக் குறைத்துச் சொல்கிறவர் என்றெல்லாம் தெரிந்துபோகும். அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தின் எல்லாப் பக்கங்களும் நமக்குத் திறந்துவிடுகின்றன.

இரண்டாவது, தேடாததைக் காட்டுவது. தேடுபெட்டிக்கு, நமக்கு என்ன வேண்டும் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஒரு முறையின் பெயரே தெரியாதவர் அதை எப்படித் தேடுவார்? புத்தகத்தைப் புரட்டும்போது, கேட்டே இராத ஒரு பண்டமும் அது எங்கிருந்து வந்தது என்ற செய்தியும், அதற்கு அடுத்த பக்கத்தில் அதே அடிப்படையில் செய்யும் இன்னொன்றும் கண்ணில் படுகின்றன. முதலில் ஒரு எளிய சாறு, அடுத்த அத்தியாயத்தில் அந்தச் சாறை வைத்து மூன்று வகை, அதற்கடுத்து அதைச் சுண்டவைத்து வேறொன்று என்று படிப்படியாகப் போகும் புத்தகம், தனித்தனி வீடியோக்களால் முடியாத ஒன்றைச் செய்கிறது. ஒரு குறிப்பில் கற்றது அடுத்ததில் கைகொடுக்கிறது.

மூன்றாவது, காரணம் சொல்வது. இறைச்சியை முதலில் அதிகச் சூட்டில் வறுத்தெடுத்தால் சாறு உள்ளேயே பூட்டப்பட்டுவிடும் என்று 1847-ல் ஜெர்மன் வேதியியலாளர் யுஸ்டஸ் ஃபான் லீபிக் சொன்னதையொட்டி, நூறு ஆண்டுக்கு மேல் புத்தகங்கள் திரும்பத் திரும்ப எழுதின. 1930-களிலேயே சோதனைகள் அதை மறுத்தும் அந்த வரி சாகவில்லை. 1984-ல் அமெரிக்க எழுத்தாளர் ஹெரால்டு மெக்கீ சமையலறை அறிவியல் பற்றி எழுதிய புத்தகம் இந்த மறுப்பைப் பரவலான வாசகர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. வறுப்பதால் கிடைப்பது மணமும் நிறமும்தான். சாறு எப்படியும் கசியும். அந்தப் புத்தகம் பெரும்பாலும் செய்முறைகளின் தொகுப்பே அல்ல. ஆனாலும் பல செய்முறைப் புத்தகங்களைவிட அது சமைப்பவரின் கையை மாற்றியது. காரணம் தெரிந்தவர் குறிப்பை விட்டு விலகிச் சமைக்க முடியும். பொருள் ஒன்று இல்லாதபோது எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்று அவருக்குத் தெரியும்.

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பார்கள். படித்துவிட்டு மூடிவைக்கிற புத்தகத்துக்கு அது சரியே. காரணம் சொல்லும் புத்தகம் மட்டும் ஏட்டில் நின்றுவிடுவதில்லை.

எல்லாப் புத்தகமும் செய்து பார்த்து எழுதியதா?

இல்லை. வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அறியாத விஷயம் இது. பதிப்பகங்கள் பொதுவாகக் குறிப்புகளைத் தாங்களே சமைத்துப் பார்ப்பதில்லை. அந்தப் பொறுப்பும் செலவும் ஆசிரியருடையது. சிலர் பணம் கொடுத்து ஆள் வைத்துச் சோதிப்பார்கள், சிலர் நண்பர்களிடம் கொடுத்துச் செய்யச் சொல்வார்கள், சிலர் எதுவும் செய்வதில்லை. அமெரிக்கச் சமையல் எழுத்தாளர் ஜூலியா சைல்டும் அவருடைய இரண்டு கூட்டாளிகளும் பிரெஞ்சு சமையல் பற்றி எழுதி 1961-ல் வெளியிட்ட புத்தகத்துக்கு ஏறக்குறைய பத்து ஆண்டுகள் உழைத்தார்கள். மளிகைக் கடையில் கிடைப்பதை வைத்து வீட்டுச் சமையலறையில் வருகிறதா என்று மறுபடி மறுபடி செய்து பார்த்தார்கள். அதே அலமாரியில் பக்கத்தில் நிற்கும் புத்தகம், ஒரு பிரபலத்தின் முகத்தை அட்டையில் போட்டு, வேறொருவர் அவசரமாக எழுதிக் கொடுத்ததாக இருக்கலாம்.

இப்போது இயந்திரம் எழுதிய புத்தகங்களும் விற்பனைக்கு வருகின்றன. சொந்தமாக வெளியிடுபவர்கள் ஒரு நாளில் மூன்று புத்தகங்களுக்கு மேல் பதிவேற்றக்கூடாது என்று அமேசான் 2023 செப்டம்பரில் வரம்பு வைத்தது. ஒருவர் ஒரே நாளில் மூன்று புத்தகம் வெளியிட முடிகிறது என்றால் அவற்றில் எதையும் யாரும் சமைத்துப் பார்த்திருக்க முடியாது. எழுதியவரைப் பற்றி வேறெங்கும் ஒரு செய்தியும் இல்லை, பெயர் மட்டும் இருக்கிறது, படங்கள் எல்லாம் ஒரே மாதிரி மினுங்குகின்றன, குறிப்புகளில் பாத்திரத்தின் அளவே இல்லை என்றால் விலகிவிடுங்கள்.

செய்து பார்த்த குறிப்பு தன்னைக் காட்டிக்கொள்ளும். ‘எட்டு நிமிடம் வதக்கவும்’ என்று மட்டும் எழுதாமல், ‘ஓரங்கள் சிவந்து, எண்ணெய் பிரியும்வரை, சுமார் எட்டு நிமிடம்’ என்று எழுதியிருக்கும். பாத்திரத்தின் அகலம் இருக்கும். எத்தனை பேருக்கு, எவ்வளவு வரும் என்று இருக்கும். எங்கே தவறு நேரும், நேர்ந்தால் என்ன செய்யலாம் என்று ஒரு வரி இருக்கும். சுடும் பண்டங்களுக்கு எடை கிராமில் இருக்கும். இந்தக் கடைசி விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஒரு கோப்பை மைதாவை மெதுவாகக் கரண்டியால் நிரப்பினால் 120 கிராம், கோப்பையையே மாவுக்குள் விட்டு அள்ளினால் 150 கிராமையும் தொடும். கேக்கோ ரொட்டியோ இந்த வித்தியாசத்தைப் பொறுக்காது.

வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனை எளிது. உங்களுக்கு நன்றாகக் கைவந்த ஒரு பண்டம் அந்தப் புத்தகத்தில் இருந்தால் அந்தப் பக்கத்தைப் படியுங்கள். உங்களுக்குத் தெரிந்த நுணுக்கம் அங்கே இருக்கிறதா? தெரியாத ஒன்றையும் சொல்கிறதா? அப்படியென்றால் மற்றப் பக்கங்களையும் நம்பலாம். அப்புறம் கடைசிப் பக்கங்களுக்குப் போய்ப் பொருள்வாரி அகராதி வரிசை இருக்கிறதா என்று பாருங்கள். கத்தரிக்காய் என்று தேடினால் கத்தரிக்காய் வரும் எல்லாப் பக்கங்களும் கிடைக்க வேண்டும். அது இல்லாத சமையல் புத்தகம் ஆறு மாதத்தில் மறக்கப்படும். புத்தகம் மேஜையில் விரித்தால் விரித்தபடி நிற்கிறதா என்பதும் முக்கியம், மாவு படிந்த கையால் யாரும் பக்கத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. நூலகத்தில் கிடைத்தால் முதலில் எடுத்து வந்து இரண்டு மூன்று குறிப்புகளைச் செய்துபாருங்கள். திருப்பிக் கொடுக்க மனம் வராத புத்தகத்தை வாங்குங்கள்.

பழைய புத்தகக் கடைகளில் நல்ல சமையல் புத்தகங்கள் நிறையக் கிடைக்கின்றன, அவற்றை வாங்குவதில் தவறில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: காய்கனிகளையும் இறைச்சியையும் பாட்டிலில் அடைத்து மாதக்கணக்கில் கெடாமல் வைக்கும் முறைகளை மட்டும் பழைய புத்தகத்திலிருந்து எடுக்காதீர்கள். அமெரிக்க வேளாண் துறை 1988-ல் தன் வழிகாட்டி நூலை வெளியிட்டபோது இந்த முறைகளில் பல மாற்றங்கள் வந்தன. தக்காளியின் புளிப்பை மட்டும் நம்பாமல் எலுமிச்சைச் சாறோ சிட்ரிக் அமிலமோ சேர்க்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. காற்றுப் புகாத பாட்டிலில் வளரும் பாட்டுலிசம் கிருமியின் நஞ்சு உயிரைப் பறிக்கக்கூடியது, அதற்கு வாசனையும் இருக்காது.

மின்புத்தகம் பற்றி ஒரு வார்த்தை. கதைப் புத்தகத்துக்குத் திரை சரி. சமையல் புத்தகத்துக்கு அவ்வளவாக ஒத்துவருவதில்லை, ஏனென்றால் படமும் பட்டியலும் படிகளும் ஒரே விரிப்பில் தெரிய வேண்டும். ஆனால் எங்கு போனாலும் எடுத்துச்செல்லலாம், எழுத்தைப் பெரிதாக்கலாம். கண் பார்வை மங்கியவர்களுக்கு அது பெரிய உதவி. ஏற்கெனவே அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருப்பவர்கள், 2009-லிருந்து இயங்கும் ‘ஈட் யுவர் புக்ஸ்’ போன்ற தளத்தில் தங்கள் புத்தகங்களைப் பதிந்துவைத்தால், எந்தப் பொருளுக்கு எந்தப் புத்தகத்தில் குறிப்பு இருக்கிறது என்று தேடிக்கொள்ளலாம். இருக்கிற புத்தகங்களே உயிர்பெறும்.

பரிசு என்றால்

சமையல் புத்தகம் பரிசாக எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக ஆழமான சாட்சி ஒரு கையெழுத்துப் பிரதி. இரண்டாம் உலகப் போரின்போது நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த தெரேசியென்ஸ்டாட் முகாமில், பட்டினியின் நடுவே, பெண்கள் தங்களுக்கு நினைவிருந்த சமையல் குறிப்புகளைத் தாள்களில் எழுதிவைத்தார்கள். மீனா பெஷ்டர் என்ற மூதாட்டி அவற்றை ஒரு நண்பரிடம் ஒப்படைத்து, எப்படியாவது தன் மகளிடம் சேர்த்துவிடுமாறு கேட்டுக்கொண்டார். 1944-ல் அவர் அங்கேயே இறந்தார். பல கைகள் மாறி, ஏறக்குறைய 25 ஆண்டுகள் கழித்து அந்தப் பொட்டலம் நியூயார்க்கில் இருந்த மகளிடம் வந்துசேர்ந்தது. 1996-ல் அது புத்தகமாக வெளிவந்தது. அந்தக் குறிப்புகளில் சில முழுமையில்லாதவை, சிலவற்றை அப்படியே செய்தால் சரியாக வராது. மகளுக்கு அவை எதற்காக வேண்டும் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

கடையில் வாங்கும் புத்தகத்தில் அந்தக் கனம் இருக்காது. ஆனாலும் பரிசாகத் தரும் சமையல் புத்தகம், ‘உன் அடுப்படியை எனக்குத் தெரியும், நீ என்ன சாப்பிட விரும்புகிறாய் என்று எனக்குத் தெரியும்’ என்று சொல்கிறது. தெரியாமல் கொடுத்தால் அது அப்படிச் சொல்லாது. அதனால்தான் பல சமையல் புத்தகங்கள் பரிசாக வந்த அன்றோடு மூடப்படுகின்றன. விற்பனைப் பட்டியலில் முதலில் இருக்கிறது என்பதற்காக வாங்கிக் கொடுத்தது யாருக்கும் பொருந்துவதில்லை.

முதன்முறை தனியாக வீடெடுத்துத் தங்கப் போகிறவருக்கு ஆயிரம் குறிப்புப் புத்தகம் வேண்டாம். சோறு வடிப்பது, முட்டை வேகவைப்பது, காய் வதக்குவது, கத்தி தீட்டுவது என்று அடிப்படையைக் காரணத்தோடு சொல்லும் ஒரே ஒரு புத்தகம் போதும். அவர் வீட்டில் அடுப்பு ஒன்றா இரண்டா, ரொட்டி, கேக் சுடும் அடுப்பு (ஓவன்) இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். நன்றாகச் சமைக்கத் தெரிந்தவருக்குப் பொதுவான புத்தகம் கொடுப்பது அவருக்குத் தெரிந்ததையே திருப்பிச் சொல்வது. அவருக்கு ரொட்டி மட்டும், ஊறவைத்துப் புளிக்கவைப்பது மட்டும், அல்லது அவர் போயிராத ஒரு நாட்டின் சமையல் மட்டும் என்று ஒரே துறையில் ஆழமாக இறங்கும் புத்தகம்தான் மகிழ்ச்சி தரும். அதிலும் அந்தச் சமையலிலேயே வளர்ந்தவர் எழுதியதாக இருந்தால், பொருள்களின் பின்னாலுள்ள வாழ்க்கையும் சேர்ந்து வரும். சமைப்பதில் நாட்டமே இல்லாதவருக்குக் கொடுக்காதீர்கள். புத்தகத்தால் ஆர்வத்தை உண்டாக்கிவிடலாம் என்று நினைப்பது அவர்மேல் சுமை ஏற்றுவது. எடை குறைப்பு, உணவுக் கட்டுப்பாடு பற்றிய புத்தகத்தை அவரே கேட்டாலொழிய ஒருபோதும் பரிசாகத் தரக்கூடாது. எவ்வளவு அன்போடு கொடுத்தாலும் அது ஒரு குறையைச் சுட்டுவதாகவே போய்ச்சேரும். மருத்துவர் சொல்லி உப்பையோ சர்க்கரையையோ குறைத்தவருக்கு, அந்த வரம்புக்குள்ளேயே ருசியாகச் சமைக்கச் சொல்லித்தரும் புத்தகம் வேறு விஷயம். ஆனால் அதையும் கேட்டுவிட்டே வாங்குவது நல்லது.

வேறு நாட்டில் வெளியான புத்தகம் என்றால் அளவுகளைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கக் கோப்பை சுமார் 237 மில்லி, ஆஸ்திரேலியக் கோப்பை 250 மில்லி, ஜப்பானில் 200 மில்லி. ஆஸ்திரேலியாவில் மேஜைக்கரண்டி 20 மில்லி, பெரும்பாலான இடங்களில் 15 மில்லிதான். வெப்பம் சில புத்தகங்களில் ஃபாரன்ஹீட்டில் இருக்கும். பருவ வாரியாக அத்தியாயம் பிரித்த புத்தகம், பூமியின் மறுபாதியில் இருப்பவருக்குத் தலைகீழாகிவிடும். மலைமேல் வசிப்பவருக்குத் தண்ணீர் கொதிக்கும் சூடே குறைவு. ஏறக்குறைய ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஒரு டிகிரி செல்சியஸ் குறைகிறது. வேகும் நேரமெல்லாம் நீளும். இவையெல்லாம் அந்தப் புத்தகத்தை ஒதுக்கக் காரணமில்லை. கிராமிலும் மில்லியிலும் அளவு தரும் பதிப்பு அதே புத்தகத்துக்கு இருக்கிறதா என்று தேடிப் பார்க்கலாம், பல புத்தகங்களுக்கு இருக்கிறது. இல்லையென்றால் ஒரு சின்ன எடைத் தராசையும் சேர்த்துக் கொடுங்கள்.

முடிந்தால், கொடுப்பதற்கு முன் அந்தப் புத்தகத்திலிருந்து ஓரிரண்டு குறிப்புகளை நீங்களே செய்து பாருங்கள். எந்தப் பக்கம் நன்றாக வந்தது, எங்கே உப்பைக் குறைக்க வேண்டியிருந்தது, எதில் நேரம் கூடுதலாக ஆனது என்று பென்சிலால் ஓரத்தில் எழுதிவையுங்கள். புதுப் புத்தகத்தில் கிறுக்குவதா என்று தயங்க வேண்டாம். பரிசு பெற்றவர் முதலில் திறக்கப்போவது அந்தப் பக்கங்களைத்தான்.